பழைய தேவாலயத்தில் மின்செலவும் புழுக்கமும் குறைய: பங்குப் பேரவைக்கும் சேகரக் கமிட்டிக்கும் ஒரு வழிகாட்டி

பழைய தேவாலயங்களில் மின்சாரத்தைச் சேமிப்பது பற்றி இணையத்தில் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்டது. கதவிடுக்கை அடை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடு, சூட்டை வெளியே விடாதே என்று அது சொல்லும். தரங்கம்பாடியிலோ பாளையங்கோட்டையிலோ அதை அப்படியே செய்தால் கோவில் அடுப்பாகிவிடும். இங்கே சூடு உள்ளே வரக்கூடாது, வந்தது மேலே ஏறி வெளியேற வேண்டும். சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டியவர்கள் அதற்கான ஏற்பாட்டைக் கட்டடத்திலேயே செய்து வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அடைத்ததையும் பூசியதையும் சரிசெய்வதுதான் பாதி வேலை. எந்த வேலையை முதலில் செய்வது என்பது முக்கியம். வரிசை மாறினால் செலவழித்த பணம் வீணாகும், சில சமயம் கட்டடமும் கெடும்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் 1950-க்கு முன் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தேவாலயங்களுக்கானது. கான்கிரீட் கோவில்களுக்கு விசிறி, விளக்குப் பகுதிகள் மட்டும் பொருந்தும்.

1. பில்லும் மீட்டரும்

கடந்த ஒரு வருடத்தின் 6 மின் பில்களை எடுத்து வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது கட்டண வகை. பொது வழிபாட்டுத் தலத்துக்குத் தாழ்வழுத்தப் பிரிவில் II-சி என்ற தனி வகை உண்டு. பல கோவில்களில் குருவானவர் வீடு, கல்யாண மண்டபம், சாலையோரக் கடை, ஆழ்குழாய் மோட்டார் எல்லாம் கோவில் மீட்டரிலேயே காலங்காலமாக ஓடும். இதில் இரண்டு சிக்கல். வழிபாட்டுக்கான இணைப்பிலிருந்து வாடகை மண்டபத்துக்கோ கடைக்கோ மின்சாரம் போனால், ஆய்வில் பிடிபடும் நாளில் அபராதம் வரும். அதோடு, கோவில் எவ்வளவு எடுக்கிறது என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். வீட்டுக்கும் மண்டபத்துக்கும் கடைக்கும் தனித்தனி இணைப்பு வாங்கிப் பிரித்துவிடுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்தால் என்னென்ன படிவம் வேண்டும் என்று சொல்வார்.

அடுத்தது இரவுச் சோதனை. இரவு 9 மணிக்குக் கோவிலைப் பூட்டியபின் மீட்டர் எண்ணைக் குறியுங்கள். காலை 5 மணிக்கு, யாரும் சுவிட்சைத் தொடுமுன், மறுபடி குறியுங்கள். வித்தியாசத்தை 8-ஆல் வகுத்தால், பூட்டிக் கிடக்கும் கோவில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும். வெறும் 100 வாட் நாள் முழுக்க ஓடினாலும் 60 நாளில் 144 யூனிட். கெபியில் (சொரூபம் வைத்த குகைமாடம்) விடிய விடிய எரியும் ஃபோகஸ் லைட், அணைக்காத ஆம்ப்ளிஃபயர், சாக்ரிஸ்டியில் (பூசை உடையும் பாத்திரமும் வைக்கும் அறை) பழைய ஃபிரிட்ஜ், தானாக நிற்காத தண்ணீர் மோட்டார் ஆகியவைதான் வழக்கமாகச் சிக்குபவை. கேமராப் பதிவுக் கருவி ஓடத்தான் வேண்டும். மற்றவற்றுக்கு டைமர் சுவிட்ச் போதும்.

பிறகு ஒரு நோட்டில் எல்லா விளக்கு, விசிறி, கருவிகளையும் எழுதுங்கள்: எத்தனை, எத்தனை வாட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம். கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், முடிவையெல்லாம் தீர்மானிப்பதும் அதுதான். தினமும் காலை மாலை பூசை நடக்கும் பங்குக்கோவிலின் கணக்கும், ஞாயிறு மட்டும் திறக்கும் கிளைக்கோவிலின் கணக்கும் ஒன்றாகவே இருக்காது.

2. வயரிங்கைச் சோதிக்காமல் எதையும் மாட்டாதீர்கள்

மரச்சட்டத்துக்குள் ஓடும் ரப்பர் உறை வயர் இன்னும் சில கோவில்களில் இருக்கிறது. அந்த உறை காய்ந்து உதிரும். சுண்ணாம்புச் சுவரின் ஈரத்தில் கசிவு மின்சாரம் ஓடும், பில்லில் ஏறும், மரக்கூரைக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கவும் செய்யும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை அழைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் 500 வோல்ட் மெகர் (வயர் உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்டை மாற்றியே ஆக வேண்டும். மெயின் போர்டில் மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், மின்னலில் இருந்து காக்கும் சர்ஜ் தடுப்புக் கருவியும் வேண்டும். கோபுரத்தின் இடிதாங்கிக் கம்பி நல்ல எர்த்தில் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். திருடர்கள் அந்தச் செப்புப் பட்டையை அறுத்துப் போயிருப்பது அரிதல்ல. இதைச் செய்யாமல் மாட்டிய எல்.இ.டி. விளக்குகள் ஐப்பசி இடிமழையில் கொத்தாகப் போகும்.

புது வயருக்காகச் சுவரில் காடி வெட்டக் கூடாது. குழாயைச் சுவர்மேல் ஓட்டி, கிளிப்பைச் செங்கல் இடைச் சாந்தில் மட்டும் அடிக்க வேண்டும். பீடத்தின் சுதைவேலை, கல்தூண், கல்வெட்டுப் பலகை எதிலும் துளை போடக் கூடாது. தூணுக்குப் பின்பக்கம், சுவரிலிருந்து துருத்தும் விளிம்பின் மேற்பக்கம் என்று கண்ணில் படாத பாதை எப்போதும் ஒன்று இருக்கும்.

3. கூரை

புழுக்கத்தின் பெரும்பங்கு கூரை வழியாக வருகிறது. மாலை 6 மணிப் பூசை நண்பகலைவிட அனலாக இருக்கிறது என்று மக்கள் சொன்னால் அதற்குக் காரணம் உண்டு. கனமான கூரை உச்சிவெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பல மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடுகிறது. ஒரு அகச்சிவப்பு வெப்பமானி வாங்கி, பிற்பகல் 2 மணிக்கும் மாலை 6 மணிக்கும் கூரையின் அடிப்பரப்பை அளந்து பாருங்கள். உள்காற்றைவிட 4, 5 டிகிரி கூடுதலாகக் காட்டினால், விசிறியில் காசு போடுமுன் கூரையைக் கவனிக்க வேண்டும்.

கூரையில் வகைகள் உண்டு. கீழிருந்து பார்க்கும்போது நெருக்கமான தேக்கு உத்திரங்களும் அவற்றின்மேல் சாய்வாகக் குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல்லும் தெரிந்தால், அது மெட்ராஸ் டெரஸ் எனும் கட்டைக்குத்துத் தளம். அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை, அதற்கும் மேல் தட்டோடு. வளைவாக எழுப்பிய செங்கல் கூரை இன்னொரு வகை. சென்னைக் கோட்டைக்குள் 1680-இல் அபிஷேகமான புனித மரியாள் ஆலயத்தில் பீரங்கிக் குண்டு தாங்கும்படி கட்டியதும், 1821-இல் முடிந்த புனித அந்திரேயா ஆலயத்தின் குவிமாடமும் இந்த இனம். கிராமக் கோவில்களில் பெரும்பாலும் மரக்கைச்சட்டத்தின் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்கள்) மேல் மங்களூர் ஓடு.

மெட்ராஸ் டெரஸுக்கும் வளைவுக்கும் செய்ய வேண்டியது:

மாசி மாதத்தில், மழையில்லாத வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். முதலில் தண்ணீர்ப் போக்கிகளில் அடைத்திருக்கும் சருகையும் புறா எச்சத்தையும் அள்ளுங்கள். வெடிப்பில் முளைத்த அரசு, ஆல் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கலாம். விரல் தடிமனுக்கு மேல் போனதை இழுத்தால் செங்கல்லோடு வரும். அதை வெட்டி, வேர் காய்ந்தபின் அகற்றி, துளையை அடைக்க வேண்டும். வெடிப்புகளை நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, சுர்க்கியும் (செங்கல் தூள்) ஆற்றுமணலும் சேர்ந்து 2 பங்கு என்ற சாந்தால் அடைத்து, ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரமாவது நனைத்து வையுங்கள். காய்ந்து கிடக்கும் வெடிப்பில் சாந்தை அப்பினால் அது பிடிக்காது. முதல்நாளே தண்ணீர் தெளித்து ஊற வைக்க வேண்டும்.

அதன்பின் வெள்ளையடிப்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. 1 கிலோ நீற்றாத சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர் கணக்கு. நீற்றும்போது கொதிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. ஒருநாளாவது ஊறவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். பாலைவிடச் சற்றுக் கெட்டியாக இருந்தால் போதும். பிடிப்புக்குக் கொஞ்சம் கோந்து கரைத்துச் சேர்ப்பார்கள். உப்புச் சேர்க்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. பழைய செங்கல்லுக்கு அது விஷம், தவிர்த்துவிடுங்கள். தளத்தை நனைத்து, காலையிலோ மாலையிலோ, மெல்லிய 3 பூச்சு கொடுக்க வேண்டும். ஒரே பூச்சாகக் கெட்டியாக அடித்தால் பொருக்காக உரிந்துவிடும். கறுத்துப்போன மொட்டைமாடி உச்சிவெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். புதிதாக வெள்ளையடித்த தளத்தில் வெறுங்காலோடு நிற்கலாம். ஐப்பசி மழை பாதியைக் கரைத்துவிடும் என்பதால் வருடாவருடம் அடிக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் சுண்ணாம்பும் இரண்டு நாள் கூலியும்தான். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லா வேலைகளிலும் போட்ட காசுக்கு அதிகப் பலன் தருவது இதுவே.

வெப்பத்தடுப்புப் பெயிண்ட் விற்பவர்கள் பத்து வருட உத்தரவாதம் என்று வருவார்கள். கான்கிரீட் தளத்துக்கு அது சரி. சுண்ணாம்புத் தளம் மழையில் ஈரம் வாங்கி வெயிலில் விடும் தன்மையுடையது. ரப்பர் போன்ற படலம் மேலே மூடினால் ஈரம் கீழ்நோக்கி உத்திரத்துக்குப் போகும். உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருப்பதால் அங்கே மக்குவது வெளியில் தெரியவே தெரியாது. தார்ஷீட்டுக்கும் இதே கதிதான்.

எல்லாவற்றிலும் மோசமானது, ஒழுகுகிறது என்று மேலே சிமென்ட் கான்கிரீட் போடுவது. 75 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 170 கிலோ. 300 சதுர மீட்டர் கூரையில் 50 டன்னுக்கு மேல் புதுப்பாரம் ஏறுகிறது. நூறு வருட உத்திரத்திடம் யாரும் இதற்கு அனுமதி கேட்பதில்லை. ஏற்கெனவே போட்டிருந்தால் தட்டி உடைக்க ஆள் வைத்துவிடாதீர்கள். அதிர்விலேயே செங்கல் உதிரும். பாரம்பரியக் கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் பார்த்தபின்தான் எதுவும்.

ஓட்டுக்கூரையில் வேலை எளிது. உடைந்த ஓட்டை மாற்றுங்கள் (சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு பிடிக்கும்), கைச்சட்டத்தில் கரையான் மண் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓட்டுக்குக் கீழே பளபளக்கும் அலுமினியத் தாள் விரிப்பது நல்ல பலன் தரும். ஆனால் ஓட்டுக்கும் தாளுக்கும், தாளுக்கும் அதன்கீழ் உள்ள பலகைக்கும் நடுவே 25 மில்லிமீட்டராவது காற்றிடைவெளி வேண்டும். பளபளப்பான பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து சில வருடத்தில் சாதாரணத் தாளாகிவிடும். முகட்டோட்டில் காற்றுப்போக்கு இருந்தால் அடைக்காதீர்கள். தெர்மாகோல், பி.வி.சி. பலகை வைத்துப் பொய்க்கூரை போடுவது பார்வைக்குச் சுத்தம். ஒழுகல் தெரியாது, கரையான் தெரியாது, தீப்பிடித்தால் சொட்டுச் சொட்டாக எரிந்து விழும். முன்னோர் வைத்த மரக்கூரைப்பலகை இருந்தால் அதையே பழுது பார்த்து வையுங்கள்.

ஓட்டை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கோவில்களில், அதை அறுக்கவோ துளையிடவோ கூடாது. நார்த்தூசு நுரையீரலுக்கு ஆபத்து. நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி இறக்கும் பயிற்சி உள்ளவர்களிடம் விடுங்கள்.

4. காற்று போகும் வழி

உள்ளே நின்று மேலே பாருங்கள். பக்கச்சுவரின் உச்சியில் சிறு வட்ட ஜன்னல்கள், முக்கோண முகப்பில் ஓட்டைகள், மணிக்கூண்டுக்குப் போகும் திறப்பு எல்லாம் அலங்காரத்துக்காக வைத்தவையல்ல. சூடான காற்று ஏறி அந்த வழியாகப் போக, கீழ் ஜன்னல் வழியாகக் குளிர்ந்தது வரும். இப்போது அவை பெரும்பாலும் பெயிண்டால் ஒட்டிக்கொண்டோ, புறாவுக்குப் பயந்து பிளைவுட் அடித்தோ இருக்கும்.

பிளைவுட்டை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வலை அடியுங்கள். புறாவுக்கு 25 மில்லிமீட்டர் கண் போதும், வௌவால் நுழையாதிருக்க 10 மில்லிமீட்டர். வௌவால் இருக்கும் கோவிலில் அவை வெளியே பறந்தபின், பொழுதிருட்டியதும் வலையைக் கட்டுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் செத்து நாறும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் 304 தரம் துருப்பிடிக்கும், 316 கேட்டு வாங்குங்கள். கொசுவலையை மேல் திறப்புகளில் அடிக்க வேண்டாம். தூசி படிந்து காற்றை நிறுத்திவிடும்.

கீழ் ஜன்னல்களில் சாய்பலகைக் கதவு இருந்தால் அது பொக்கிஷம். வெயிலை மறித்துக் காற்றை விடும், பூட்டியபோதும் காற்று வரும். தச்சரைக் கொண்டு பழைய தேக்கையே பழுது பார்க்கலாம். இதைக் கழற்றிவிட்டு நகரும் அலுமினியக் கண்ணாடி ஜன்னல் போட்டால் திறப்பில் பாதி எப்போதும் மூடியே இருக்கும், வெயிலும் நேரே வரும்.

வண்ணக் கண்ணாடிக்கு வெளியே கல்லெறிக்குப் பயந்து பாலிகார்பனேட் தகடு அடிக்கிறார்கள். அடிக்கலாம், ஆனால் மேலும் கீழும் காற்றுப்போகும் இடைவெளி விட வேண்டும். முழுக்க அடைத்தால் இரண்டுக்கும் நடுவே சூடு ஏறி, கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் ஈயப்பட்டை தளர்ந்து, ஜன்னல் வயிறு தள்ளும்.

திறக்கும் நேரமும் முக்கியம். கோடையில் விடியற்காலை 4, 5 மணிக்குக் கோவில்பிள்ளை கதவு திறந்ததும் எல்லா ஜன்னலையும் திறக்கட்டும். 10 மணிக்குக் கிழக்கிலும் தெற்கிலும் சாத்தி, பிற்பகலில் மேற்கே சாத்தி, வெயில் தாழ்ந்ததும் மறுபடி திறக்கட்டும். மேல் திறப்புகள் எப்போதும் திறந்தே இருக்கலாம். முக்கால் மீட்டர் கனச் சுவர் இரவுக்குளிர்ச்சியை வாங்கிக்கொண்டால் மறுநாள் நண்பகல் வரை தாங்கும். இதற்குச் செலவு கிடையாது, ஒழுங்காகச் செய்ய ஆள்தான் வேண்டும்.

வெளிமுற்றத்தையும் பாருங்கள். சுவரை ஒட்டிப் பேவர் பிளாக் பரப்பினால் அது பகலில் சுட்டு, அனலைக் கீழ் ஜன்னல் வழியே அனுப்பும், மழையில் சாரலைச் சுவரில் தெறிக்கும். சுவரிலிருந்து ஒரு மீட்டராவது மண்ணோ கூழாங்கல்லோ இருக்கட்டும். மேற்கே வேம்பும் புங்கையும், சுவரைவிட்டு 7, 8 மீட்டர் தள்ளி.

5. சுவரில் சிமென்ட் வேண்டாம்

மின்செலவுக்கும் சிமென்ட் பூச்சுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் முகப்பின் வழியே காற்றில் விடுகிறது. சிமென்ட், அக்ரிலிக் பெயிண்ட், இடுப்பளவு டைல்ஸ் எதை மேலே போட்டாலும் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பு பொரிந்து, பூச்சு பாளம் பாளமாக விழும். உள்ளே ஈரப்பதம் கூடினால் அதே வெப்பநிலையிலும் உடம்பு கசகசக்கும், விசிறியை உச்சத்தில் வைப்பார்கள். பூச்சு விழுந்த இடத்தைச் சுண்ணாம்பால் மட்டும் பூசுங்கள், மேலே சுண்ணாம்பு வெள்ளை. வெண்மையான உள்சுவர் விளக்கின் எண்ணிக்கையையும் குறைக்கும்.

6. விசிறி

பழைய சாதாரண விசிறி 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. எனும் தூரிகையற்ற மோட்டார் விசிறி 28 முதல் 35 வாட். எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றுதான் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் வரும். கணக்குப் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

40 விசிறி உள்ள கோவில். மாற்றினால் விசிறிக்கு 45 வாட் வீதம் 1.8 கிலோவாட் மிச்சம். மாட்டுக்கூலி சேர்த்து ஒன்றுக்கு 3,500 ரூபாய் என்றால் மொத்தம் 1,40,000 ரூபாய். யூனிட் 7 ரூபாய் என்று வையுங்கள். வாரத்துக்கு 25 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 2,340 யூனிட், 16,380 ரூபாய் மிச்சம். போட்ட பணம் எட்டரை வருடத்தில் திரும்பும். ஞாயிறு மட்டும் 4 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 374 யூனிட்தான், 2,600 ரூபாய். பணம் திரும்ப 50 வருடத்துக்கு மேலாகும். அதற்குள் விசிறி இருக்காது.

ஆகவே ஒரேயடியாக மாற்ற வேண்டாம். முதலில் சுவிட்சைப் பிரியுங்கள். கிழமை நாள் பூசைக்கு 30 பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, ஒரே சுவிட்சில் 40 விசிறியும் சுற்றும் கோவில்கள் ஏராளம். முன்பகுதி 8 விசிறிகளைத் தனியாகப் பிரித்தால் மற்ற 32-இன் 2.4 கிலோவாட் நிற்கும். வாரம் 10 மணி நேரக் கிழமைநாள் பூசை என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,250 யூனிட். செலவு சில சுவிட்சும் கொஞ்சம் வயரும். அதன்பின் அந்த 8-ஐ மட்டும் பி.எல்.டி.சி.யாக மாற்றுங்கள். மற்றவை பழுதாகும்போது ஒவ்வொன்றாக.

வாங்கும்போது 2 விஷயம். பி.எல்.டி.சி. விசிறியைப் பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டக் கூடாது, அதன் எலக்ட்ரானிக் பலகை போய்விடும். ரெகுலேட்டரை நீக்கி நேரடி இணைப்புக் கொடுக்க வேண்டும். ரிமோட் மட்டுமே உள்ள மாடலைக் கோவிலுக்கு வாங்காதீர்கள். ஒரே கம்பெனியின் விசிறிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு ரிமோட்டுக்கு நாலும் திரும்பும், ரிமோட் தொலைந்தால் எதுவும் திரும்பாது. சுவர்ச் சுவிட்சிலேயே வேகம் மாறும் மாடல் கேளுங்கள்.

இறக்கை தரையிலிருந்து இரண்டரை முதல் 3 மீட்டர் உயரத்தில் சுற்ற வேண்டும். உயரமான கூரையில் ராடைக் குட்டையாக விட்டுவிட்டால் காற்று பெஞ்சுக்கே வராது, உச்சியிலிருக்கும் சூட்டைக் கலக்கிவிடும். நீளமான ராடு ஆடும். மூன்று பக்கம் மெல்லிய கம்பி இழுத்துக் கட்டுவது வழக்கம். அதன் பிடியை உத்திரத்தில் பட்டை சுற்றிப் போடுங்கள், துளையிட வேண்டாம். 5, 6 மீட்டர் விட்டமுள்ள ராட்சத விசிறியும் இப்போது விற்கிறார்கள். சில நூறு பேருக்கு ஒன்றிரண்டு போதும் என்பது உண்மை, ஆனால் அதன் எடையும் சுழற்சி இழுவையும் பழைய மரக்கைச்சட்டத்துக்கு ஆகாது. தரையிலிருந்து தனி எஃகுத்தூண் வைத்தால் ஒழிய அதை மறந்துவிடுங்கள்.

7. விளக்கு

செப்புச் சோக்குடன் எரியும் 40 வாட் டியூப் உண்மையில் 50 வாட் எடுக்கும், 20 வாட் எல்.இ.டி. அதற்கு ஈடு. 150 வாட் மெட்டல் ஹாலைடு 170 வரை போகும், 50, 60 வாட் எல்.இ.டி. போதும். பீடத்துக்கு அடிக்கும் 500 வாட் ஹாலஜன் முதலில் போக வேண்டியது. அது அடுப்புமாதிரி, ஓவியத்தையும் பொன்முலாமையும் கெடுக்கும்.

நிறம் 2700 முதல் 3000 கெல்வின். 6500 கெல்வின் வெள்ளை, சுண்ணாம்புச் சுவரை ஆஸ்பத்திரிச் சுவர் ஆக்கிவிடும். பீடத்திலும் ஓவியங்களிலும் நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேலுள்ளது வேண்டும். பாட்டுப்புத்தகம் படிக்கப் பெஞ்சு மட்டத்தில் 150 முதல் 200 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். கைப்பேசிச் செயலியிலேயே தோராயமாக அளந்து பார்க்கலாம்.

10 மீட்டர் உயரத்தில் விளக்கு போனால், விளக்கைவிடச் சாரம் கட்டும் கூலி பெரிது. எல்.இ.டி.யில் பெரும்பாலும் போவது அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர்தான். டிரைவர் தனியாக வரும் மாடல் வாங்கி, அதைக் கையெட்டும் பெட்டியில் வையுங்கள். பெட்டியில் பல்லி நுழையாதபடி ரப்பர் வளையம் போடுங்கள். பல்லி நுழைந்து ஷார்ட்டாவது சிறுவிஷயமாகத் தெரியும், ஆனால் அதுதான் அடிக்கடி நடக்கிறது.

8. ஏ.சி.

எப்போதும் யாராவது ஒருவர் கேட்பார், நன்கொடையாகத் தரவும் முன்வருவார். இந்தக் கணக்கைக் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடம்பு ஏறக்குறைய 115 வாட் சூட்டை விடுகிறது. 300 பேர் என்றால் 34.5 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. 3.5 கிலோவாட் சூட்டை எடுக்கும். மக்களின் சூட்டுக்கு மட்டுமே 10 டன் போகிறது. கூரை வெயில், கதவு திறந்து மூடுவது, கனச்சுவர் விழுங்கும் குளிர்ச்சி எல்லாம் அதன்மேல். பூசைக்கு இரண்டு மணி நேரம் முன்பே ஓட்டினால்தான் தெரியும். ஏ.சி.க்காக மேல் திறப்புகளை அடைப்பார்கள், அடைத்தபின் கரண்ட் போனால் விசிறியும் உதவாது. வாரத்தில் சில மணி நேரம் மட்டும் காய்வதும் மீண்டும் ஈரமாவதுமாக இருக்கும் மரப்பீடமும் பைப் ஆர்கனும் வெடிக்கும்.

நன்கொடையாளருக்கு மனம் நோகாமல், சாக்ரிஸ்டியிலோ பதிவேடுகள் வைத்திருக்கும் அறையிலோ ஒரு 5 நட்சத்திர இன்வெர்ட்டர் ஏ.சி. வைக்கச் சொல்லலாம். 150 வருட ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கு அது உண்மையிலேயே தேவை.

9. சூரியத் தகடு

கோவில் கூரையில் வேண்டாம். பள்ளி, மண்டபம், குருவானவர் வீடு ஆகியவற்றில் எதன் கான்கிரீட் கூரையிலும் வைக்கலாம். தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வில் 1 கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். கோவில் அதிகம் எடுப்பது ஞாயிறு காலையும் மாலையும். கிழமை நாளின் உற்பத்தி முழுக்க வாரியத்துக்குப் போகும், அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பது உங்கள் இணைப்புக்கு எந்த மீட்டர் முறை பொருந்தும் என்பதைப் பொறுத்தது. அதைப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கியபின் கிலோவாட்டை முடிவு செய்யுங்கள். வீடுகளுக்கான பிரதமர் சூர்யகர் மானியம் வழிபாட்டுத் தலத்துக்கு இல்லை. விற்பவர் உண்டென்று சொன்னால் நம்ப வேண்டாம்.

அனுமதியும் கணக்கும்

மறைமாவட்டத்தின் அல்லது பேராயத்தின் சொத்து அலுவலகத்துக்குப் படத்தோடு எழுதி, பதில் வந்தபின் தொடங்குங்கள். கோவில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் வெள்ளையடிக்கவும் அவர்கள் ஒப்புதல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டுமானம் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதியோடுதான். ஆலயக் கூரைக்குப் பக்கத்தில் சூரியத் தகட்டுச் சட்டம் எழுப்ப நினைப்பவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலனை அளக்கும்போது போன பில்லோடு ஒப்பிடாதீர்கள், போன வருடம் அதே இரண்டு மாத பில்லோடு ஒப்பிடுங்கள். திருவிழா மாதத்தின் சீரியல் லைட் எல்லாக் கணக்கையும் குலைத்துவிடும். அலங்கார விளக்குக்குத் தற்காலிக இணைப்பு தனியாக வாங்கினால் அந்தக் குழப்பமும் இல்லை, கோவில் இணைப்பின் அனுமதித்த சுமையைத் தாண்டும் வில்லங்கமும் இல்லை.